ஒல்லாந்தர் காலத்து இலங்கைக் கத்தோலிக்கரும் துன்பத்தின் நடுவே அவர் கண்ட மகிழ்ச்சியும்

சமயங்கள் யாவும் மனிதனின் துன்பத்தை நோக்கிப் பேசுகின்றன. துன்பத்திற்குக் காரணம் கூறுவதும் அதனைக் கடக்கும் வழி காட்டுவதும் அவற்றின் பொதுப் பணியாகும். கிறிஸ்தவம் இப்பொதுப் பணியோடு நில்லாது, துன்பம் நீங்கிய பின்னரன்றித் துன்பத்தின் நடுவிலேயே மகிழ்ச்சி சாலும் என்று போதிப்பது. சிலுவையிற் கொலையுண்ட ஒருவரை இரட்சகர் என வழிபடும் சமயம் வேறுவிதமாகப் போதித்தல் அரிது. புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் மகிழ்ச்சியையே தன் மையப் பொருளாகக் கொண்டது. அது சிறையிலிருந்து எழுதப்பட்டது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

போதனை ஒன்று, வாழ்க்கை மற்றொன்று. இப்போதனையை நம்பிய மக்கள் உண்மையான இடுக்கண் நேர்ந்த வேளையில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டிய வினாவாகும். அதற்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1658ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஒல்லாந்தர் ஆட்சியின் கீழும் அதன் எச்சமாக நின்ற சட்டங்களின் கீழும் வாழ்ந்த இலங்கைக் கத்தோலிக்கரின் வரலாறு அதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் தொடக்கக் காலத்தை நோக்கி, அம்மக்கள் அடைந்த ஆறுதலின் இயல்பு யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலப் பின்னணி

இவ்வரலாற்றை நடுநிலையோடு நோக்க வேண்டுமாயின், அது போர்த்துக்கேயரிலிருந்து தொடங்க வேண்டும். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. குடாநாட்டின் பிற கோயில்களும் அழிவெய்தின. திருமுழுக்குப் பெற்றோர் யாவரும் உள்ளத்தால் விரும்பியே பெற்றனர் எனக் கூறுதல் இயலாது. ஆட்சியாளரின் தயவும் பதவியும் பாதுகாப்பும் பலரை ஞானஸ்நானத் தொட்டியருகே கொண்டு சென்றன. தம் வீட்டிலிருந்து பசுவொன்றை உணவுக்காகக் கொடுக்க உடன்படாது தாய்நாட்டை விட்டே அகன்ற திருநெல்வேலி ஞானப்பிரகாசரின் கதை யாழ்ப்பாணச் சைவ மரபில் இன்றும் வழங்குவது. விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரையின் இறப்பிலே செருகி மறைத்தனர் என்னும் செவிவழிச் செய்தியும் அக்காலச் சைவக் குடும்பங்களின் நிலையை உணர்த்துவதாகும்.

ஆகவே 1658இல் ஆட்சி மாறியபோது கத்தோலிக்கர் மீது வந்த துன்பம் இம்மண்ணுக்குப் புதியதன்று. நேற்று அயலவர்க்கு நேர்ந்தது இன்று அவர்க்கு நேர்ந்தது. இவ்வுண்மையை மறைத்து எழுதப்படும் கத்தோலிக்க வரலாறு நிறைவுடையதாகாது. ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. அரசின் தயவினால் மட்டும் நிலைத்த ஒரு சமயம் அத்தயவு நீங்கியதும் உதிர்ந்து போதல் இயல்பு. பலர் உதிர்ந்தே போயினர். எஞ்சியோரின் நம்பிக்கை அரச தயவின் விளைவன்று என்பதை அவர்தம் துன்பமே உறுதிப்படுத்தியது.

1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, கத்தோலிக்க சமயத்தைப் போர்த்துக்கேய அரசியலின் நிழலாகவே கருதியது. கத்தோலிக்கக் குருமார் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போர் மரண தண்டனைக்கு உள்ளாவர் என 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. கத்தோலிக்கர் கட்டிய கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. தெல்லிப்பழை, மல்லாகம் முதலிய ஊர்களின் ஆலயங்கள் இவ்வாறு மாறியதை அக்காலத்து யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்புஸ் பால்தேயஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்த தம் நூலிற் படங்களுடன் விவரித்துள்ளார்.

கட்டளையினும் கடுமையாக மக்களைத் தாக்கியது தோம்பு முறையே எனலாம். பிறப்பும் திருமணமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. சட்டபூர்வமான திருமணமும் பிள்ளைகளின் உரிமையும் அரச பதவியும் அப்பதிவோடு தொடர்புபட்டிருந்தன. தோம்பிலே பெயரின்றி வாழ்தல் சாதாரண குடியானவனுக்கு இயலாத காரியம். எனவே கத்தோலிக்கர் பலர் பகலிலே ஒல்லாந்தப் பாடசாலையிற் பெயர் பதிந்தும் இரவிலே வீட்டினுள் செபமாலை செபித்தும் இரட்டை வாழ்வு நடத்தினர். இந்த இரட்டை வாழ்வின் மனச்சுமையும் அக்காலத் துன்பத்தின் ஒரு பகுதியேயாகும்.

குருவானவர் அற்ற காலம்

1658 தொடக்கம் 1687 வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கரிடையே குருவானவர் எவரும் நிலையாகத் தங்கிப் பணிபுரியவில்லை. கத்தோலிக்க மரபிற் பூசையும் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் குருவின்றி நிகழா. எனவே இம்மக்கள் இழந்தது ஒரு கட்டடத்தையோ சலுகையையோ அன்று. தம் வழிபாட்டின் நடுவிடத்தையே இழந்தனர். ஒரு தலைமுறை முழுவதும் பூசை காணாமலே வளர்ந்தது.

அவ்வாறிருந்தும் நம்பிக்கை அறவே மறையாமைக்குக் காரணம் யாது? குருவானவர் இன்றியும் செய்யக்கூடிய பணிகளை மக்கள் விடாது செய்தமையே அதற்குக் காரணமாகும். பிறந்த குழந்தைக்கு ஆபத்து வேளையில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் போதனை. செபமாலைக்குக் குரு தேவையில்லை. பண்டிகை நாட்களை எண்ணி வைத்திருக்க ஒரு முதியவரின் நினைவு போதும். மரணப் படுக்கையில் இருப்பவர் அருகே அமர்ந்து செபம் சொல்ல ஒரு மூப்பரோ உபதேசியாரோ அயல்வீட்டுப் பெண்ணோ போதும். பெரிய வழிபாடு பறிபோன இடத்திலே சிறிய வழிபாடுகள் வீட்டுக்கு வீடு வேரூன்றின. விரத நாளின் வாழையிலையை இறப்பிலே மறைத்த சைவ வீடும் செபமாலையைப் பெட்டியடியில் மறைத்த கத்தோலிக்க வீடும் ஒரே ஊரின் இரு வீடுகள் என்பதை நாம் மறத்தலாகாது.

இக்காலத்தின் நினைவாக இன்றும் நிலவுவது மருதமடு. மாந்தையிலே வழிபட்டுவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒல்லாந்தருக்கு அஞ்சித் தேவமாதாவின் சுரூபத்தோடு காட்டு வழியே சென்று 1670ஆம் ஆண்டளவில் மருதமடுவிற் குடியேறின என மரபு கூறும். அவ்விடம் ஒல்லாந்தரின் கைக்கு எட்டாத வன்னிக் காடு. அகதிகளாய்ச் சென்றோர் முதன்முதலிற் காத்துக்கொண்டது தம் உடைமைகளையன்று, தாம் ஒன்றுகூடி மன்றாடுதற்குரிய ஓர் இடத்தையே என்பது இம்மரபின் உட்கிடையாகும்.

யோசேப் வாஸ் அடிகளாரின் வருகை

கோவாவிற் பெனோலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு பிறந்த யோசேப் வாஸ் அடிகளார், 1676இற் குருப்பட்டம் பெற்றவர். கொங்கணி பேசும் பிராமணக் குடும்பத்தினர். இலங்கையிலே கத்தோலிக்கர் குருவின்றி வாடுவதைக் கேள்வியுற்று, கோவாவின் ஒறற்றோறியன் சபைத் தலைமையைத் துறந்து 1686இற் புறப்பட்டார். ஐரோப்பிய குரு எவரும் ஒல்லாந்தரின் கண்ணுக்குத் தப்புதல் அரிது. கறுத்த மேனியும் வறிய தோற்றமும் உடைய இந்தியர் ஒருவர் மக்களோடு மக்களாய்க் கலந்துவிடலாம். தூத்துக்குடியிலிருந்து கூலியாளின் கோலத்திலே, யோவான் என்னும் துணைவனோடு தோணியேறி 1687இல் யாழ்ப்பாணம் வந்தடைந்தார்.

வந்ததும் அவர் கண்டது வரவேற்பன்று, நோயே. வயிற்றுளைவு நோயால் இருவரும் சாகும் தறுவாயை அடைந்தனர் என்றும், அயலார் சிலர் இரங்கி அளித்த கஞ்சியினால் உயிர் பிழைத்தனர் என்றும் அவர்தம் வரலாறுகள் கூறும். தேறிய பின்னர் அவர் செபமாலையைக் கழுத்திலே தரித்துக்கொண்டு வீட்டுக்கு வீடு பிச்சை ஏற்றார். அச்செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றது என்பதை அவர் நோக்கினார். கத்தோலிக்கரை இனங்காண அவர் கையாண்ட வழி இதுவே. முப்பது ஆண்டு அச்சத்தின் பின்னரும் ஒரு செபமாலையைக் கண்டு மலரும் முகங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தன என்பது, எந்தக் கணக்கேடும் தராத சான்றாகும்.

பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள சில்லாலை அவருக்கு நிலைக்களமாயிற்று. அங்கிருந்து இரவு வேளைகளிலே ஊரூராய்ச் சென்று ஞானஸ்நானம் கொடுத்தார்; பாவசங்கீர்த்தனம் கேட்டார்; விடியுமுன் பூசை நிறைவேற்றினார். ஊரார் அவரை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்கு மாற்றி மாற்றி மறைத்துக் காத்தனர். மரண தண்டனைக் கட்டளை நடைமுறையில் இருந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை நோக்குக.

அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்குமுன் ஒரு நத்தார் இரவிலே ஒல்லாந்தச் சேவகர் கத்தோலிக்கர் கூடியிருந்த வீடுகளைச் சுற்றி வளைத்தனர். அடிகளார் தப்பினார், மக்கள் பெருந்தொகையினர் பிடிபட்டனர். சிலர் கசையடிக்கும் கட்டாய வேலைக்கும் உள்ளாயினர். அடிபட்டோருள் ஒருவர் உயிர் துறந்தார். அவர் சீர்திருத்தத் திருச்சபையிலிருந்து கத்தோலிக்கத்திற்கு வந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆட்சியாளரின் சமயத்தை விட்டு ஆளப்படுவோரின் சமயத்தை ஏற்க அவரைத் தூண்டியது ஆதாயமன்று என்பது வெளிப்படை. மகிழ்ச்சியின் திருநாளிலே நேர்ந்த இத்துன்பம் அம்மக்களை அச்சுறுத்தியது. ஆனால் அடுத்த ஆண்டு நத்தாரைக் கொண்டாடாமல் இருக்கச் செய்யவில்லை.

கண்டி மாநகரில்

1690இற் புத்தளம் சென்ற வாஸ் அடிகளார் 1692இற் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். சிறையிலே சிங்களம் கற்றார். சிறு பீடம் அமைத்துச் செபித்தார். கண்டியில் எஞ்சியிருந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அவரை நாடி வந்தனர். காலப்போக்கில் அரசனின் ஐயம் நீங்கியது. நகரில் வழிபாடு நடத்த இசைவும் கிடைத்தது.

இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்த சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய மன்னன். அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்து இலங்கையில் அழிந்துபோயிருந்த உபசம்பதாவைப் புதுப்பித்தவன் அவனே. அத்தகைய மன்னனின் நிழலிலேயே கரையோரத்தில் வேட்டையாடப்பட்ட கத்தோலிக்கக் குரு பாதுகாப்புப் பெற்றார். கிறிஸ்தவ அரசொன்றினால் துரத்தப்பட்ட கிறிஸ்தவருக்குப் பௌத்த அரசு புகலிடம் அளித்தமை நம் நாட்டு வரலாற்றின் மறக்கலாகாத ஒரு பக்கமாகும்.

1697இற் கண்டியிலே பெரியம்மை பரவியது. அரசனும் அரண்மனையாரும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோரை உற்றாரே கைவிட்டுக் காட்டோரத்தில் விட்டுச் சென்றனர். அந்நாளில் வாஸ் அடிகளாரும் அவரது மருமகனாரான யோசேப் கார்வாலோ அடிகளாரும் நகரில் தங்கினர். கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று குடிசை அமைத்து, புண்ணைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தனர். நோயுற்றோர் எச்சமயத்தவர் என்று அவர்கள் வினவவில்லை.

இந்நிகழ்ச்சி நம் வினாவிற்கு மிக அணித்தானது. துன்புறுவோன் தன் துன்பத்தையே எண்ணியிருத்தல் இயல்பு. ஒடுக்கப்பட்ட சமூகமொன்று தன் காயங்களை எண்ணி எண்ணியே வாழ்ந்துவிடவும் கூடும். இங்கு நிகழ்ந்தது அதுவன்று. தாமே நாடற்றவராய், பாதுகாப்பற்றவராய் இருந்தோர், தம்மினும் கைவிடப்பட்டோரை நாடிச் சென்றனர். கிறிஸ்தவம் கூறும் மகிழ்ச்சி உள்ளத்தில் மட்டும் அடங்கிக் கிடக்கும் இன்பமாயின் அதற்குக் கண்டியின் குடிசைகளில் வேலையில்லை. அது பிறர் துன்பத்தின் பால் ஒருவனைத் திருப்பும் ஆற்றல் என்பதையே இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

பின்னர் வாஸ் அடிகளாரை ஆயராக்கும் எண்ணம் எழுந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. 24 ஆண்டுகள் இந்நாட்டிலே உழைத்து, ஒருமுறையேனும் கோவாவிற்கு மீளாது, 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் நாள் கண்டியிலே காலமானார்.

தமிழில் எழுந்த புலம்பலும் ஆறுதலும்

மறைவில் வாழும் சமூகத்திற்குக் குருவினும் நிலையான துணை மொழியே. 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இதனை நன்குணர்ந்தவர். இவரும் கோவாவைச் சேர்ந்தவரே. தமிழையும் சிங்களத்தையும் கற்றுத் தேர்ந்து இரு மொழிகளிலும் நூல்கள் பல இயற்றினார். தேவ அருள் வேத புராணம், சுவிசேஷ விரித்துரை, வியாகுலப் பிரசங்கம் என்பன அவர் தமிழ் நூல்களுட் சில. 1742இற் போலவத்தையில் அவர் மறைந்த பின்னரும் அந்நூல்கள் ஏட்டிலும் அச்சிலும் வாழ்ந்தன.

இவற்றுள் வியாகுலப் பிரசங்கம் தனிச் சிறப்புடையது. கிறிஸ்துவின் பாடுகளை விவரிக்கும் இந்நூல் தபசு காலத்திலே கத்தோலிக்க ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. எழுத்தறியாத முதியவரும் கேட்டுக் கேட்டே அதன் பகுதிகளை மனனஞ் செய்திருந்தனர். குருவானவர் வர இயலாத ஊரிலும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் ஊர் முழுவதும் கூடலாம், அழலாம், ஆறுதல் பெறலாம்.

மகிழ்ச்சியைப் பற்றிய கட்டுரையில் ஒப்பாரி போன்ற ஒரு நூலுக்கு இடமென்ன என ஒருவர் வினவலாம். தமிழர் பண்பாட்டை அறிந்தவர்க்கு இது வியப்பாகாது. சாவீட்டிலே கூடியிருந்து புலம்பும் பெண்கள் துயரைப் பெருக்குவதற்காகப் புலம்புவதில்லை, தாங்குவதற்காகவே புலம்புகின்றனர். வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு அழுத மக்கள் தம் கசையடியையும் தம் பிரிவையும் சிலுவையின் கதைக்குள் வைத்து அழுதனர். தாம் படும் பாடு பொருளற்றதன்று, அது தம் ஆண்டவர் முன்னரே நடந்த வழி என்ற உணர்வு அங்கு பிறந்தது. அழுகைக்கு இடமளிக்காத மகிழ்ச்சி நெடுநாள் நிலையாது. பெரிய வெள்ளியின் புலம்பலை முழுமையாகப் புலம்பியவர்க்கே உயிர்ப்பு ஞாயிற்றின் களிப்பு முழுமையாகக் கிட்டியது.

அம்மகிழ்ச்சியின் இயல்பு

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். முதலாவது, ஒல்லாந்தர் காலத்துக் கத்தோலிக்கர் கண்ட அமைதி, நிலைமை சீரடைந்தமையால் வந்ததன்று. வாஸ் அடிகளாரின் மறைவிற்குப் பின்னரும் 1715 முதலாகக் கத்தோலிக்கக் கூட்டங்களைத் தடை செய்யும் கட்டளைகள் மீண்டும் பிறந்தன. இரண்டாவது, அது தனிமனித உணர்ச்சியாக மட்டும் இருக்கவில்லை. சேர்ந்து செபித்தல், சேர்ந்து மறைத்தல், சேர்ந்து அழுதல் என்பனவற்றால் அது பேணப்பட்டது. மூன்றாவது, அது பிறர் துன்பத்தை நோக்கி நடந்தது.

துன்பத்தில் ஆறுதல் தரும் சமயம் மக்களை அடங்கிக் கிடக்கச் செய்யும் என்பது சமூகவியலாளர் சிலரின் கருத்து. அக்கருத்தை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. அவ்வாறு நிகழ்ந்த காலங்களும் உண்டு. ஆயின் ஈண்டு நாம் காணும் மக்கள் அடங்கிக் கிடக்கவில்லை. மரண தண்டனையைப் பொருட்படுத்தாது குருவானவரை மறைத்தனர். இரவில் வழிகாட்டி அழைத்துச் சென்றனர். ஊர் விட்டு ஊருக்குச் செய்தி கொண்டு சென்றனர். வாளெடுக்கவில்லை, ஆயினும் கட்டளைக்கு உள்ளத்தாற் பணியவுமில்லை. அவர்தம் ஆறுதல் மறுத்து நிற்கும் வலிமையை அவர்க்கு அளித்தது.

அதே வேளை, யாவரும் வீரராய் நின்றனர் எனக் கூறுதலும் பொருந்தாது. தோம்பிற் பெயர் பதிந்தவரும், அஞ்சி விலகியவரும், இரு பக்கமும் நின்றவரும் பலர். ஒரு சமூகத்தின் நம்பிக்கை அதன் வலியோரால் மட்டும் காக்கப்படுவதில்லை. அஞ்சியவாறே வாயிற் கதவைத் திறந்துவிட்ட பெயரறியாத பெண்களும் அதனைக் காத்தனர். சுவாமி ஞானப்பிரகாசர், வண. எஸ். ஜீ. பெரேரா முதலானோரின் ஆய்வுகளால் குருமாரின் வரலாறு ஓரளவு துலக்கமுற்றுள்ளது. அவர்களை மறைத்து வைத்த வீட்டாரின் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.

முடிவுரை

1806ஆம் ஆண்டில் ஆங்கிலேயத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். 1658இலிருந்து கணக்கிடின் 148 ஆண்டுகள். 1995இல் யோசேப் வாஸ் அடிகளார் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 தை 14ஆம் நாள் காலிமுகத் திடலிற் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

அவ்விரு ஆண்டுகளுக்கும் இடையிலே இந்நாடு கண்ட துன்பம் யாவரும் அறிந்தது. போர்க் காலத்தில் மருதமடு மீண்டும் அகதிகளின் இடமாயிற்று. 1999இல் ஆலய வளவினுள் அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் எறிகணைக்குப் பலியாயினர். 2008இல் மாதாவின் சுரூபமே மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, சில மாதங்களின் பின்னர் திரும்பியது. அடைக்கலம் தந்த இடம் அடைக்கலம் தேடி அலைந்த அந்நாட்களில், நம்பிக்கை அம்மக்களை எறிகணையிலிருந்து காக்கவில்லை. இதனை நேர்மையாக ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டிலும் அது கசையடியிலிருந்து எவரையும் காக்கவில்லை. அது காத்தது பிறிதொன்றை: துன்புறுத்துவோரைப் போலத் தாமும் ஆகிவிடாதிருக்கும் மனத்தை, ஒருவரையொருவர் கைவிடாதிருக்கும் உறவை, நாளை ஒரு பண்டிகை உண்டு என்று இன்றிரவு எண்ணும் துணிவை. சமாதானம் என்னும் சொல்லுக்கு ஒல்லாந்தர் காலத்து ஏழைக் கத்தோலிக்கர் தம் வாழ்க்கையால் எழுதிய பொருள் இதுவே. அதனைக் கற்றுக்கொள்ள ஒருவர் கத்தோலிக்கராய் இருத்தல் வேண்டுமென்பதில்லை.